பைரவிக்கு ஞானம் இருந்திருந்தா…

எய்யா, 1985-ல வந்த மூணு படத்தைச் சொல்லுதேன். பாக்யராஜோட ‘சின்ன வீடு’, பாரதிராஜாவோட ‘முதல் மரியாதை’, பாலசந்தரோட ‘சிந்து பைரவி’. மூணுலயும் கல்யாணமான ஆம்பளை மனசு வேற ஒருத்திகிட்டப் போகும். அதுக்கு முன்னாடியே கதை எழுதினவங்க பொண்டாட்டிகிட்ட ஒரு குறையை வச்சிருவாங்க. ஒருத்தி குண்டு. ஒருத்திக்கு வாய் தேள்கொடுக்கு. ஒருத்திக்குச் சங்கீதம் தெரியாது, அவதான் ‘சிந்து பைரவி’யில பாடகரோட பொண்டாட்டி பைரவி.

அப்பல்லாம் நாங்குநேரியிலிருந்து பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய்த்தான் புதுப்படம் பார்ப்போம். திரும்பி வரும்போது, “பைரவிக்குக் கொஞ்சம் ஞானம் இருந்திருந்தா அவரு ஏன் சிந்து பக்கம் போறாரு?”ன்னு பொம்பளைகளே பேசிக்கிடுவோம். நம்ம தெருவுல ஒருத்தன் வீடு தங்கலைன்னாலும் இதே பேச்சுதான் முதல்ல வரும்.

‘சிந்து பைரவி’ நல்ல படம், இல்லைங்கலை. சிந்துவா நடிச்ச சுகாசினிக்கும் பாட்டுப் பாடின சித்ராவுக்கும் தேசிய விருது கிடைச்சுது. ஆனா கணக்கைப் பாரு. சிந்து பெத்த பிள்ளையைக் கொடுத்துட்டு ஊரைவிட்டே போயிருதா. பைரவி அதை வாங்கி வளர்க்கணும். பாடகருக்குக் கச்சேரி மேடை திரும்பக் கிடைச்சிருது. பாட்டு தெரிஞ்சவகிட்ட மனசு ஒட்டுறது எனக்கும் புரியுது. வீட்டுல மறைச்சு மறைச்சு நடந்தாரே, அதுக்குப் பைரவியோட ஞானசூன்யம் எப்படிக் காரணமாகும்? அந்தப் பொய்யை அவரேதான் யோசிச்சுச் சொன்னாரு.

‘முதல் மரியாதை’ மலைச்சாமி விஷயம் வேற. அவரு பொண்டாட்டி பொன்னாத்தா வேற ஒருத்தனால பிள்ளை உண்டானவ. குடும்ப மானத்துக்காகக் கட்டிக்கிட்டு, ஊருக்குத் தெரியாம காலம் தள்ளுதாரு. மலைச்சாமியா நடிச்ச சிவாஜியைப் பார்த்து நானும் அழுதேன்தான். ஆனா புருஷன் கை படாம ஒரே கூரைக்குக் கீழ வயசு போனவ இனிக்க இனிக்கவா பேசுவா? பொன்னாத்தாளா நடிச்ச வடிவுக்கரசி பக்கத்துக் கதையை ஒருத்தரும் படமா எடுக்கலை.

எட்டு வருஷம் கழிச்சு, 1993-ல, பாலு மகேந்திரா ‘மறுபடியும்’ எடுத்தாரு. மகேஷ் பட் 1982-ல இந்தியில எடுத்த ‘அர்த்’தான் மூலம். ரேவதிதான் துளசி. அவகிட்ட ஒரு குறையும் வைக்கலை, புருஷன் அப்படியும் ஒரு நடிகைகிட்டப் போறான். நடிகை அவனை விட்டதும் திரும்பி வந்து நிக்கான். “இதையே நான் செஞ்சிட்டு வந்திருந்தா என்னைச் சேர்த்துக்கிடுவீங்களா?”ன்னு துளசி கேக்கா. மாட்டேன்னுதான் அவனால சொல்ல முடியுது. அவளும் சேர்த்துக்கலை. நண்பனா வர்ற அரவிந்த்சாமி ஆசையாக் கேட்டும் இன்னொரு கல்யாணம் வேண்டாம்னு தனியா நடந்துருதா. அதுதான் நம்ம ஊர்ல பலருக்குப் பிடிக்கலை. “அவ்வளவு நல்ல பையன், கட்டிக்கிட்டா என்ன?”ன்னாங்க. ஆம்பளை இல்லாம ஒருத்தி இருக்கிறதைப் பார்க்க நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

தை மாசம் உன் கல்யாணம் முடிஞ்சு நீங்க ரெண்டு பேரும் வாங்க, ஒண்ணா உக்காந்து ‘மறுபடியும்’ பார்ப்போம். துளசி கேக்குற இடத்துல நான் டிவியைப் பார்க்க மாட்டேன், உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்.