கனமும் கரகரப்பும்

நடுவட்டத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்காரும் ஊர். கூடத்தில் அவள் மகன், கித்தாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி ஒன்றுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் கூடலூரில் கல்யாணக் கச்சேரி. பையனுக்கு முதல் சம்பளம்.

"கரகரப்பு வந்துவிட்டது, மாமா. கனம் போய்விட்டதே!" என்றான்.

வாசகரே, பாஸ் கித்தாரின் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. டிரான்ஸிஸ்டர் அந்த அலையின் தலையைச் சீவினால் மேல் ஸ்வரங்கள் பெருகி, அடிநாதம் அமுங்கிவிடும். பரிகாரம்? சீவாத ஒலியையும் தனி வழியில் கொண்டுவந்து கலப்பதுதான். 1965-ல் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாட்டுக்குப் பீட்டில்ஸ் குழுவினர் சாதா பாஸ் ஒன்று, கரகரப்பு பாஸ் ஒன்று என்று இரண்டையுமே பதிவு செய்தார்கள்.

பையனும் கலந்தான். ஒலி முன்னைவிட மெலிந்தது! அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இரவு பத்து மணிக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. டிரான்ஸிஸ்டர் அலையைத் தலைகீழாகப் புரட்டியிருந்தது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்க, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இன்னொரு டிரான்ஸிஸ்டரைப் போட்டு அதை மறுபடி புரட்டினான். கலப்புக் குமிழை நடுவில் நிறுத்தி ஒரு மீட்டு மீட்டினான்.

அலமாரியில் பீங்கான் கோப்பைகள் கிடுகிடுத்தன.

"உடைந்தால் யாரடா வாங்கித் தருவது?" என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் தங்கை.