ஒற்றைக் குதிரை வளர்த்தால் குற்றம்... சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில் குதிரைக்குத் துணை தேடும் கதை!

லா ஷோ-தெ-ஃபோன் நகரத்தில் சிவப்பு நிற மலை ரயில் ஒன்று புறப்படுகிறது. கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன அந்த ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே ஜன்னலுக்கு வெளியே காட்சி மாறிவிடும். பூங்கா மாதிரி விரிந்த புல்வெளி, அதில் ஆங்காங்கே தனித்தனியாக நிற்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள், கல்லை அடுக்கிக் கட்டிய தாழ்வான சுவர்கள். மர நிழலில் பசுக்களும் குதிரைகளும் ஒன்றாக மேய்கின்றன. கயிறு இல்லை, கட்டுத்தறி இல்லை.

இதுதான் ஃப்ரான்ஷ் மொந்தான் பீடபூமி. சுவிட்சர்லாந்தின் வடமேற்கு மூலையில், ஜூரா மாநிலத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 1,000 மீட்டர், ஏறக்குறைய நம்ம ஏலகிரி அளவு. பெயருக்கு ‘சுதந்திர மலைகள்’ என்று அர்த்தம். 1384-ல் இந்தப் பகுதியை ஆண்ட பிஷப், காட்டைத் திருத்திக் குடியேற வருபவர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தார். அந்தச் ‘சுதந்திரம்’ பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதே பெயரில்தான் குதிரையும் இருக்கிறது. ஜெர்மன் பேசும் பகுதிகளில் ‘ஃப்ரைபெர்கர்’ என்பார்கள். சுவிட்சர்லாந்தின் சொந்தக் குதிரை இனங்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பழுப்பு நிறம், கட்டுமஸ்தான உடம்பு, சாது குணம். வண்டி இழுக்கும், சவாரிக்கு வரும், ராணுவத்துக்கு மலைப்பாதையில் சுமையும் தூக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த நாட்டில் குதிரை வாங்கப் பணமும் நிலமும் மட்டும் போதாது. 2008 செப்டம்பர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒவ்வொரு குதிரையும் இன்னொரு குதிரையைப் பார்க்க முடிய வேண்டும், அதன் சத்தத்தைக் கேட்க முடிய வேண்டும், அதன் வாசனையை உணர முடிய வேண்டும். குட்டிகளுக்கு விதி இன்னும் கறார். தாயிடமிருந்து பிரித்த பிறகு 30 மாதம் ஆகும்வரை கூட்டமாகத்தான் வளர்க்க வேண்டும்.

‘துணைக்கு ஒரு ஆடு கட்டிவிட்டால் ஆகாதா?’ என்று கேட்கலாம். பந்தயக் குதிரைகளின் லாயத்தில் ஆடு விடுவது பழைய வழக்கம்தான். ஆனால், சுவிஸ் சட்டம் ஆட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. குதிரை, குட்டைக் குதிரை, கழுதை, கோவேறு கழுதை... இந்தக் குடும்பத்துக்குள்தான் துணை தேட வேண்டும். லாயத்துக்குள் கண்ணாடி மாட்டினால் தலையாட்டும் பழக்கம் குறைகிறது என்று 2002-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தன் பிம்பத்தைப் பார்த்து ஒரு குதிரை ஆறுதல் அடைகிறது என்பது கேட்கவே கஷ்டமாக இருக்கிறது!

குதிரைக்கு எதற்கு இவ்வளவு? அது வேட்டையாடப்படும் விலங்கு. புல்வெளியில் ஒன்று படுத்தால் இன்னொன்று நின்று காவல் பார்க்கும். நின்றபடியே குதிரை தூங்கும் என்பது பாதி உண்மைதான். ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது கீழே படுத்தாக வேண்டும். காவலுக்கு ஆள் இல்லாத குதிரை படுக்கத் தயங்கலாம். அப்படியே நாள்கள் போனால் நின்ற இடத்திலேயே கண் சொருகி, முழங்கால் மடங்கி விழவும் செய்யும். தனிமையில் சில குதிரைகள் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும். வாசலில் எதிரொலிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கனைக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு குதிரைகள் எதிரும் புதிருமாக நின்று, ஒன்றின் கழுத்தடியை மற்றொன்று பல்லால் மெள்ளச் சொறிந்துவிடும். பிரான்ஸின் கமார்க் குதிரைகளை வைத்து 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவது தெரியவந்தது. எஜமானர் எவ்வளவு பாசமாகத் தேய்த்துவிட்டாலும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவாரே!

‘பக்கத்தில் நிறுத்த ஒரு குதிரை வேண்டும்’

சட்டம் எழுதுவது சுலபம். இரண்டு குதிரை வைத்திருக்கும் வீட்டில் ஒன்று இறந்துபோனால்தான் சிக்கல் புரியும். துக்கம் ஒரு பக்கம், மிச்சமிருக்கும் குதிரை வேலியோரமாக நடந்து நடந்து கூப்பிடும் கொடுமை இன்னொரு பக்கம். உடனே ஒரு துணை வேண்டும். இருப்பதோ வயதானது. புதிதாக வருவது இளசாக இருந்தால், கிழம் செத்த பிறகு அது தனியாகிவிடும். அதற்கு மறுபடி ஒரு துணை... இப்படியே போனால் கடைசிக் குதிரை என்ற ஒன்று அந்த வீட்டில் வரவே வராது. சில நேரம் வயதானவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்த 20 வருடத்துக்கு ஒரு குதிரையை யார் ஏற்பது?

வழிகள் உண்டு. மிச்சமிருப்பதை, பல குதிரைகள் ஒன்றாக வாழும் திறந்த கொட்டகைக்கு மாதக் கட்டணத்தில் அனுப்பலாம். குதிரை ரொம்பக் கிழமாக இருந்தால், தகுந்த காரணம் காட்டி மாநில அலுவலகத்தில் தற்காலிக விலக்கு கேட்கலாம். அல்லது, விளம்பரங்களில் தேடலாம். ஜெர்மன் மொழியில் இதற்கென்றே ஒரு வார்த்தை இருக்கிறது: ‘பைஷ்டெல்-ஃபேர்ட்’. ‘பக்கத்தில் நிறுத்தும் குதிரை’ என்று பொருள். கால் தேய்ந்து சவாரிக்கு உதவாதது, வயதாகி ஓய்வு பெற்றது... வேலைக்கு ஆகாத குதிரைகளை இந்தப் பெயரில் குறைந்த விலைக்கோ சும்மாவோ கொடுக்கிறார்கள்.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சுவிட்சர்லாந்தில் குதிரை இறைச்சி சாப்பிடும் பழக்கம் உண்டு. விலைபோகாத ஃப்ரைபெர்கர் குட்டிகளில் ஒரு பகுதி இறைச்சிக்குப் போவது ஜூராவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த நாட்டில், ‘சும்மா நின்றாலே போதும்’ என்று ஒரு குதிரையை யாராவது கேட்டு வாங்குவது அதற்கு ஆயுள் நீட்டிப்பு மாதிரிதான்.

வாங்கி வந்ததும் ஒரே வேலிக்குள் தள்ளிவிடக் கூடாது. முதலில் பக்கத்துப் பக்கத்து வேலிகளில் விட வேண்டும். மூக்கோடு மூக்கு உரசும், திடீரென்று கீச்சென்று கத்தும், காதுகளைப் பின்னால் மடக்கும், முன்னங்காலால் தரையை அடிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதெல்லாம் அறிமுகம்தான். சில நாள் கழித்து அகலமான புல்வெளியில் சேர்த்து விடுகிறார்கள். பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிட்டால் உதை பட்டாலும் அடி குறைவு. ஒடுங்கிய மூலைகள் இருக்கக் கூடாது, துரத்தப்படும் குதிரை மாட்டிக்கொள்ளும். உலர்புல்லையும் தள்ளித் தள்ளிப் பல இடங்களில் போட வேண்டும். சண்டை பெரும்பாலும் சாப்பாட்டில்தான் வருகிறது!

கழுதையைத் துணைக்கு விடுவது சட்டப்படி சரி. ஆனால் கழுதைக்குக் கழுதை சிநேகம்தான் பிடிக்கும். குதிரையின் தனிமையைப் போக்கப்போய் கழுதையைத் தனிமையாக்கிவிடக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள்.

போனால் என்ன பார்க்கலாம்?

பீடபூமியின் முக்கிய ஊர் சேன்யலெஜியே. 1897-ல் தொடங்கிய குதிரைச் சந்தை இங்கே ஆகஸ்ட் இரண்டாவது வார இறுதியில் நடக்கிறது. சுமார் 400 குதிரைகள் வரும். சேணமே இல்லாமல் உள்ளூர் இளைஞர்களும் இளம்பெண்களும் ஓட்டும் பந்தயத்துக்குத்தான் கூட்டம் அதிகம்.

சந்தைக் கூட்டம் வேண்டாம் என்பவர்கள் லே ப்ருலூ ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் லே ரோஸலே போகலாம். ஓய்வு பெற்ற குதிரைகளும் கழுதைகளும் கடைசிக் காலத்தைக் கழிக்கும் முதியோர் இல்லம் அது. முதுகு வளைந்து, கண் மேலே குழி விழுந்த கிழங்கள் ஜோடி ஜோடியாக நிற்பதைப் பார்க்கலாம்.

கோடைக் காலத்தில் மேய்ச்சல் நிலங்களுக்குள் நடந்து செல்லப் பாதைகள் இருக்கின்றன. குதிரைகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம். குட்டியோடு நிற்கும் தாயைச் சுற்றிக்கொண்டு போவது நல்லது. வழியில் வரும் மரக்கதவைத் திறந்தால் மறக்காமல் மூடிவிட வேண்டும். மதிய வெயிலில் போனால் ஏதாவது ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் இரண்டு குதிரைகள் தலைமாற்றி நின்றுகொண்டிருக்கும். இதன் வால் அதன் முகத்தில் மொய்க்கும் ஈயை விரட்டும், அதன் வால் இதன் முகத்து ஈயை.