நண்பகலில் கோயிற்கதவு

சென்னையின் வடபகுதியில் நாம் பொறுப்பேற்றிருக்கும் பங்கில், 2023-ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவே, மூதாட்டியார் ஒருவரை அடக்கம் செய்தோம். வயது எழுபத்தாறு. விடியற்காலையில் இடியாப்பம் அவித்து விற்றுப் பிழைத்தவர். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட ஒற்றை அறையில் தனியே குடியிருந்தார். மாதா வணக்க மாதமாதலால் மாலைதோறும் செபமாலைக்கு வந்து முன்வரிசையில் அமர்வார். இரண்டு மாலைகள் அவ்விடம் வெறுமையாயிருந்தது. கவனித்தோம்; ஆயினும் ஆளனுப்பி விசாரித்தோமில்லை. மூன்றாம் நாள் அண்டை வீட்டார் கதவைத் தள்ளித் திறந்தபோது காலம் கடந்திருந்தது. நோயில்பூசுதல் வழங்கும் வாய்ப்பும் நமக்குக் கிட்டாமற் போயிற்று.

இதயம் நின்றதே காரணம் எனச் சான்றிதழ் கூறிற்று. அதைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. எல்லாச் சாவிலும் இதயம் நிற்கத்தான் செய்கிறது. வெயில் என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி, குறையாகவன்றி வெறும் செய்தியாகவே, ஒன்றைச் சொன்னாள்: “பாட்டி மத்தியானத்துல கோயிலுக்கு வரும் சாமி. கதவு பூட்டியிருந்தா கொஞ்ச நேரம் படியில குந்திட்டுப் போயிடும்.” உண்டியல் உடைக்கப்பட்ட பின்னர், காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை கோயிலைப் பூட்டி வைக்கும்படி கோயிற்பிள்ளைக்குக் கட்டளையிட்டவர் நாமே. நமது கோயிலோ பழமையானது. கனத்த சுவர், சுண்ணாம்புச் சாந்து, உயர்ந்த கூரை. மே மாத உச்சிப்பொழுதிலும் உள்ளே குளிர்ச்சி குன்றாது. அந்தக் குளிர்ச்சியை உண்டியலுக்குக் காவலாக வைத்துவிட்டு, கிழவியைப் படியில் இருத்தினோம்.

அன்றுமுதல் வெயிலைப் பற்றிப் படிக்கலானோம். வானொலியில் நாம் கேட்கும் வெப்ப அளவு எங்கே எடுக்கப்படுகிறது? திறந்த வெளியில், தரைக்கு ஏறக்குறைய நான்கடி உயரத்தில், காற்றோட்டத்திற்கு இடுக்குகள் விட்ட வெள்ளை மரப்பெட்டிக்குள், நிழலில். அவ்வாறு அளப்பதே முறை. ஆனால் நம் மக்களில் எவர் அப்பெட்டிக்குள் குடியிருக்கிறார்? நம் இளைஞர் சிலரிடம் சாதாரண வெப்பமானிகளைக் கொடுத்து, ஓர் இரவு சில வீடுகளில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். இரவு 10 மணிக்கு அறைவீட்டு மொட்டை மாடியில் 31 பாகை. அம்மூதாட்டியார் இருந்த அறையில் 36. பகலெல்லாம் சிமெண்டும் தாரும் குடித்த சூட்டை இரவில் உமிழ்கின்றன. ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளுக்கிடையே அது வெளியேற வழியில்லை. கடற்கரை நகரில் காற்றின் ஈரம் வேறு. வேர்வை உலர்ந்தாலன்றி உடல் குளிராது, ஈரக்காற்றில் வேர்வை உலர்வதில்லை. இதனாலேயே சமவெளியில் 40 பாகையைத் தொட்ட பின்னர் வெப்ப அலையைக் கருதும் வானிலைத் துறை, கடலோரத்தில் 37 பாகையிலேயே கருதத் தொடங்குகிறது. இரண்டிடத்தும் அது இயல்பைவிட 4.5 பாகையேனும் மிகுந்திருத்தல் வேண்டும்.

சான்றிதழ் சொல்லாததை எங்ஙனம் அறிவது? அகமதாபாத் நகரில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 பாகையை எட்டியது. பின்னர் ஆய்வாளர்கள் அம்மாதத்து இறப்புகளை மற்ற ஆண்டுகளின் மே மாத இறப்புகளோடு ஒப்பிட்டனர். வழக்கத்திற்கு மேல் 1,344 பேர் இறந்திருந்தனர். சாவை ஒவ்வொன்றாகப் பார்த்தால் புலப்படாத கொலையாளி, கூட்டிப் பார்க்கையில் அகப்பட்டான். 2013-இல் அந்நகராட்சி வெப்பத்திற்கென ஒரு செயல்திட்டம் வகுத்தது. முன்னெச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், மருத்துவர்க்குப் பயிற்சி, பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. ஒரு மருத்துவமனையில் மேல்தளத்திலிருந்த பச்சிளங்குழந்தைப் பிரிவைக் கீழ்த்தளத்திற்கு இறக்கினர். செலவு அதிகமில்லை, யோசனைதான் வேண்டியிருந்தது. நமது மாநிலத்திலும் 2024-இல் அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது.

எனினும் நம்மைத் தூங்கவொட்டாமற் செய்தது சிகாகோவின் கதை. 1995 ஜூலையில் சில நாட்களுக்குள் அங்கே வழக்கத்திற்கு மேல் 739 பேர் மாண்டனர். அடுத்தடுத்த இரு பகுதிகள். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனித்து வாழும் முதியோர். வெயிலும் ஒன்றே. ஆயினும் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. எரிக் கிளினன்பர்க் என்னும் சமூகவியலார் தெருத்தெருவாக நடந்து காரணம் தேடினார். அதிகம் பேர் மாண்ட பகுதியில் கடைகள் மூடி, வீடுகள் பாழடைந்து, முதியோர் அஞ்சிக் கதவடைத்து உள்ளே கிடந்தனர். மற்றதில் தெரு உயிரோடிருந்தது. கடைகளும் கோயில்களும் திறந்திருந்தன. கிழவர்கள் வெளியே வரப் பழகியிருந்தனர். இதைப் படித்த இரவு நமது சாவிக்கொத்தை எடுத்து மேசையறைக்குள் வைத்துவிட்டோம்.

வெப்ப அபாயத்தை அளப்போர் மூன்றைக் கேட்கின்றனர்: சூடு எவ்வளவு, அதில் அகப்படுவோர் யார், அவர்களுள் தாங்கமாட்டாதவர் யார். முதற்கேள்விக்குச் செயற்கைக்கோள் விடை தரும். கூரையின் கொதிப்பை வானிலிருந்தே காட்டிவிடும். கூரைக்குக் கீழே படுத்திருப்பவர் யாரென்று அதற்குத் தெரியாது. அது பங்கின் குடும்பப் பதிவேட்டில் இருக்கிறது! நாமோ அதைத் திருமுழுக்குச் சான்றுக்கும் வரிக்குறிப்புக்குமே புரட்டிவந்தோம். அன்பியப் பொறுப்பாளர்களிடம் புதுப் பட்டியல் கேட்டோம்: அறுபத்தைந்து கடந்து தனித்திருப்போர், படுக்கையிலிருப்போர், கைக்குழந்தையுள்ளோர், இரத்த அழுத்தத்திற்காக நீர் பிரியும் மாத்திரை உண்போர், சீட்டுக் கூரைக்குக் கீழ் குடியிருப்போர். கிறிஸ்தவரல்லாத அண்டை வீட்டாரையும் சேர்க்கச் சொன்னோம். ஒருவர், “அவங்களையுமா சாமி?” என்றார். வெயில் திருமுழுக்குச் சான்று கேட்பதில்லை என்றோம். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எளிதென்று எண்ணினோம். சீட்டின்மேல் ஏறினால் உடையும். சுரண்டினால் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஏணியில் நின்றே பூச வேண்டும், மழைக்குப் பின் மீண்டும் பூச வேண்டும். வாடகை வீட்டாரில் சிலர் வேண்டாமென்றனர். வீடு நன்றாகத் தெரிந்தால் வாடகை ஏறுமாம். அவ்வச்சத்திற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

கோயில் இப்போது நண்பகலில் திறந்திருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபையார் முறைவைத்து அமர்கின்றனர். பானையில் தண்ணீர் உண்டு. உண்டியல் மீண்டும் ஒருமுறை உடைக்கப்பட்டது, சில்லறை போயிற்று. நற்கருணைப் பேழைக்கு எதிரே மனிதர் படுத்துறங்குவது தகுமா எனச் சிலர் நம்மிடம் முறையிட்டதும் உண்டு. பின்வரிசையில் குறட்டை விடும் முதியவர் ஒருவரை எழுப்பப் போன கோயிற்பிள்ளையை நாமே சைகையால் நிறுத்தினோம்.

பட்டியலில் உள்ளோரை வெயில் உச்சத்திலிருக்கும் நாட்களில் காலையும் மாலையும் ஒருவர் எட்டிப் பார்க்கவேண்டுமென்பது ஏற்பாடு. நான்கு அன்பியங்கள் பெயர் கொடுத்துவிட்டன. மூதாட்டியார் வாழ்ந்த தெரு ஐந்தாவது அன்பியத்தில் இருக்கிறது. அவர்கள் தாள் இன்னும் நம் கைக்கு வரவில்லை. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கேட்க வேண்டும்.