பின்னோக்கி ஏறிய மேடு



என்னுடைய பழைய மொரிஸ் மைனர் காரை உங்களில் அறியாதவர் எவருமில்லை. உங்கள் பிள்ளைகளில் சிலர் ஞானஸ்நானத்திற்கும், சிலர் திருமணத்திற்கும் அதில்தான் வந்தார்கள். சென்ற ஆண்டு அதன் பின்அச்சில் நான் செய்த ஒரு மாற்றத்தைப் பற்றி உங்களிடம் மனந்திறந்து சொல்லவேண்டியிருக்கிறது.

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகையில், அவிசாவளை வரை அந்த வண்டியில் குறை காணமுடியாது. அதன்பின் சமதரையில் சற்று விரைந்தால் என்ஜின் அலறும். அருகில் இருப்பவருடன் பேச இயலாது. 948 சிசி என்ஜின் கொண்ட அந்த மொடலில் பின்அச்சின் பினியனுக்கு 9 பற்கள், கிரவுன் சக்கரத்துக்கு 41. சக்கரம் ஒரு முறை உருள, என்ஜினிலிருந்து வரும் தண்டு நாலரை முறைக்கும் சற்று அதிகமாகச் சுழலவேண்டும். எம்ஜி மிட்ஜெட் என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் 1275 சிசி மொடல்களில் இந்த விகிதம் 3.9 வரை குறைந்தது. இரண்டு அச்சுகளும் ஒரே குடும்பம். ஆகையால் மிட்ஜெட்டின் டிஃபரன்ஷியலை மைனரின் அச்சுக்குள் பூட்டிவிடலாம்.

"ஐயா, கொழும்பு ரோட்டுக்கு இது நல்லது. தோட்டத்து ரோட்டுக்கு யோசிக்கவேணும். என்ஜின் அதேதானே?" என்றார் மெக்கானிக்.

களைப்பின்றிக் கூட்டங்களுக்குப் போய்வரலாம், எல்லாம் ஊழியத்திற்காகத்தான் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் நம் விருப்பங்கள் எவ்வளவு அழகாகிவிடுகின்றன!

கொழும்புப் பயணம் உண்மையிலேயே இனிதாயிற்று. ஒன்று மட்டும் வேடிக்கை. ஸ்பீடோமீட்டர் கியர்பெட்டியிலிருந்து இயங்குவதால், அது 50 என்று காட்டும்போது வண்டி 58இல் ஓடிற்று. நிதானமாகப் போவதாக எண்ணிக்கொண்டே விரைந்திருக்கிறேன்.

மைனரைச் செய்தவர்களும் இந்த விகிதத்தைக் குறைத்தவர்கள்தாம். 803 சிசி என்ஜினுக்கு 5.375 வைத்திருந்தார்கள். 1956இல் 948 சிசி வந்தபோது 4.55 ஆயிற்று, 1962இல் 1098 சிசி வந்தபோது 4.22. ஒவ்வொரு முறையும் என்ஜினின் பலத்தைக் கூட்டிய பிறகே அச்சை மாற்றினார்கள். நானோ பலத்தைக் கூட்டாமல் பலசாலியின் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டேன். சக்கரத்துக்குச் சேரும் இழுவையில் ஏழில் ஒரு பங்கு போயிற்று.

மழைக்கால இரவொன்றில், கீழ்த்தோட்டத்து லயத்திலிருந்து மூச்சுத்திணறலோடு ஒரு தாயை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மகனும் அயலவர் இருவரும் உடன் இருந்தனர். கொழுந்து மடுவத்தைக் கடந்த வளைவில் வண்டி நின்றுவிட்டது. முதல் கியரில் மூன்று முறை முயன்றேன். கிளட்ச் கருகும் வாடை எழுந்தது. "ஐயா, நாங்க அம்மாவைத் தூக்கிக்கிட்டுப் போயிரவா?" என்று மகன் கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். பின்சீட்டில் அந்தத் தாயின் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வண்டியில் முதல் கியரைவிட ரிவர்ஸ் கியருக்கு இழுவை அதிகம். அதை நினைத்து, மடுவத்து முற்றம் வரை வண்டியை இறக்கித் திருப்பினேன். அயலவர் இருவரும் இறங்கி டோர்ச் விளக்கோடு வழிகாட்டி நடக்க, பிரதான வீதி வரை பின்னோக்கியே ஏறினோம். கால் மணி நேரம் வீணாயிற்று. அந்தக் கால் மணி நேரத்தில் நான் ஜெபித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அந்த மெக்கானிக்கின் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தேவகிருபையால் அவர் பிழைத்தார். இப்போதும் என்னைக் கண்டால், "ஐயா, இன்னைக்கு முன்னால போறீங்களா, பின்னால போறீங்களா?" என்று சிரிப்பார்.

மறுவாரமே, மாடிப்படிக்கடியில் சாக்கில் சுற்றிக் கிடந்த பழைய டிஃபரன்ஷியலைத் திரும்பப் பூட்டுவித்தேன். அடுத்த மாதக் கொழும்புக் கூட்டத்திற்கு அதிகாலை நான்கு மணிக்கே புறப்படுகிறேன். உடன் வர விரும்புகிறவர்கள், பேசவேண்டியவற்றை அவிசாவளைக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.