லீப் கோட்டையும் அதன் பேய்களும்

உலகத்தில் எந்தத் தேசத்திலும் பாழடைந்த கோட்டை ஒன்று இருந்தால், அதில் பேய் ஒன்றும் இருந்தே தீரும். அயர்லாந்திலோ கோட்டைகளுக்குக் குறைவே இல்லை. ஆகவே, அந்நாட்டுப் பேய்கள் இடமின்றித் தவித்ததாகக் கதை கிடையாது. அவற்றுள் பேய்களால் மிகுந்த பிரசித்தி அடைந்தது லீப் கோட்டை. வாசகர்கள் நம்முடன் மனோரதத்தில் ஏறிவரச் சம்மதித்தால், அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

அயர்லாந்தின் நடுப்பகுதியில், ஆஃபாலி ஜில்லாவில், ஸ்லீவ் புளூம் மலையடிவாரத்தில் ஒரு பாறை மேட்டின்மீது நிற்கிறது இந்தக் கோட்டை. நடுவே கனத்த சதுரக் கோபுரம். அதையொட்டிப் பிற்காலத்தார் எழுப்பிய மாளிகைக் கட்டடங்கள். 'லீப்' என்றால் தாவுதல் என்று பொருள். ஓ'பானன் குலத்துச் சகோதரர் இருவர், தலைமை யாருக்கு என்று தீர்மானிப்பதற்காக இந்தப் பாறையிலிருந்து குதித்தார்களாம். உயிர் பிழைத்தவன் தலைவனானானாம். பெயரே இப்படி இருக்கும்போது பின்னால் வரும் சரித்திரம் எவ்வாறிருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

ஓ'பானன்களுக்கு மேலான அதிபதிகளாயிருந்தவர்கள் ஓ'கரோல் குலத்தார். கோட்டை அவர்கள் வசமாயிற்று. அஞ்சாநெஞ்சர்கள் என்பதில் ஐயமில்லை. 1513ஆம் ஆண்டில் கில்டேர் பிரபு பெருஞ்சேனையுடன் வந்து முற்றுகையிட்டும் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. 1516இல் அவருடைய மகன் மீண்டும் வந்துதான் அதன் ஒரு பகுதியையாவது இடிக்க முடிந்தது.

வெளிப் பகைவரை எதிர்த்து நின்ற குலத்தை உட்பகை அரித்தது. பழைய ஐரிஷ் வழக்கப்படி, தந்தைக்குப் பிறகு மூத்த மகனே தலைவன் என்ற நியதி கிடையாது. உறவினருள் தகுதியுள்ளவனைக் குலத்தாரே தேர்ந்தெடுப்பார்கள். தகுதியற்றவன் பட்டம் ஏறுவதைத் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லோருமே தம்மைத் தகுதியுள்ளவராக எண்ணிக் கொண்டால் கத்திதானே முடிவு சொல்லும்? 1532இல் முல்ரோனி ஓ'கரோல் என்னும் தலைவர் இறந்ததும் அதுவே நடந்தது. அவர் மக்களில் ஒருவர் பாதிரியார். கோபுரத்தின் உச்சியிலுள்ள சிற்றாலயத்தில் அவர் பூசை செய்துகொண்டிருந்தபோது, உடன்பிறந்தவனே உள்ளே பாய்ந்து வாளால் வெட்டினான் என்றும், அவர் பலிபீடத்தின்மீது விழுந்து உயிர்விட்டார் என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அன்றிலிருந்து அதற்கு 'இரத்த ஆலயம்' என்று பெயர். ஆளில்லாத அந்த ஆலயத்தின் ஜன்னலில் நள்ளிரவில் விளக்கொளி தெரியும் என்பது ஊரார் கூற்று.

அந்த ஆலயத்தின் மூலையில் ஒரு குழி இருக்கிறது. கோட்டைச் சுவருக்குள்ளேயே கிணறுபோல் இறங்கும் குழி. கைதிகளை அதில் தள்ளிவிடுவார்கள். அடியில் ஈட்டி முனைகள் நட்டிருந்தனவாம். முனையில் விழுந்து உடனே செத்தவன் பாக்கியசாலி. தப்பியவன் இருட்டில் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். இத்தகைய குழிகளுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர், 'மறத்தல்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. தள்ளிவிட்டு மறந்துவிடு என்பதே தாத்பரியம்! கூலிப் படையினருக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல், விருந்துக்கு அழைத்துக் கொன்று தீர்த்தார்கள் என்றும் ஓ'கரோல்களைப் பற்றி ஒரு கதை உண்டு.

17ஆம் நூற்றாண்டில் கோட்டை டார்பி என்ற ஆங்கிலக் குடும்பத்தாரிடம் போயிற்று. 1900ஆம் ஆண்டையொட்டி வேலையாட்கள் அந்தக் குழியைத் துப்புரவு செய்தபோது, மூன்று வண்டி மனித எலும்புகளை அள்ளினார்கள் என்று சொல்லப்படுகிறது. சில ஆண்டுகளுக்கெல்லாம், அவ்வீட்டு எஜமானியான மில்ட்ரெட் டார்பி அம்மையார் தாம் கண்ட பேயைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். ஆட்டின் அளவு, மனித முகம், அழுகிய பிணத்தின் நாற்றம்! அம்மையார் பயங்கர நவீனங்கள் எழுதுபவர் என்பதையும், ஆவிகளோடு பேசும் கூட்டங்களில் ஈடுபட்டவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. என்றாலும், தம் வீட்டுச் சுவருக்குள் அத்தனை எலும்புகள் கிடந்தன என்று கேட்டவருக்கு அந்த நாற்றம் தோன்றியதில் என்ன அதிசயம்?

கையில் கத்தியேந்திச் செந்நிற ஆடையில் உலாவும் பெண் ஒருத்தியையும் சொல்வார்கள். ஓ'கரோல்கள் அவளைச் சிறைபிடித்தார்கள். அவள் பெற்ற குழந்தையைக் கொன்றார்கள். அதே கத்தியால் அவள் தன்னை மாய்த்துக் கொண்டாள் என்பது கதை. பிரபுக்களின் பெயர்களும் அவர்கள் வென்ற சண்டைகளும் ஐரிஷ் ஆண்டுக் குறிப்பேடுகளில் வரிசையாக இருக்கின்றன. இந்தத் தாயின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. குழிக்குள் மடிந்தவர் ஒருவர் பெயரும் இல்லை. அவர்களுக்காகக் குடியானவர்கள் அடுப்பங்கரையில் இரவுதோறும் சொல்லி வைத்த கதைதான் உண்டு. அதிகாரம் உள்ளவன் சரித்திரமாகிறான். அநியாயமாகச் செத்தவன் பேயாகிறான். பேய் உண்டோ இல்லையோ, மறக்கச் செய்யத் தோண்டிய குழியை ஜனங்கள் மறக்க மறுத்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

அந்த நினைவு கதையோடு நிற்கவும் இல்லை. விடுதலைப் போரும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் நடந்த 1919 முதல் 1923 வரையிலான ஆண்டுகளில், ஆங்கில வழி நிலப்பிரபுக்களின் மாளிகைகள் பல நெருப்புக்கு இரையாயின. 1922இல் லீப் கோட்டைக்கும் தீ வைக்கப்பட்டது. உள்ளிருந்தவை சாம்பலாயின, கோட்டை அரை நூற்றாண்டு காலம் வெறுஞ்சுவராய் நின்றது.

1974இல் ஆஸ்திரேலியர் ஒருவர் அதை வாங்கிப் பழுது பார்க்கத் தொடங்கினார். பிறகு 1991இல் ஐரிஷ் குழல் வித்துவான் ஒருவர் வாங்கிக் குடும்பத்துடன் குடியேறினார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். அவரோ ஏறியதோடு நில்லாமல், அங்கேயே அமர்ந்து குழலும் ஊதினார்! பார்க்க வந்தவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டி, ஆவிகளும் இவ்வீட்டில் நம்மோடு வாழட்டுமே என்று பெருந்தன்மையுடன் பேசினார். பெயரின்றி மறைந்தவர்களுக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின்னராவது வீட்டுக்காரனிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை கிடைத்தது பற்றி நமக்கு மகிழ்ச்சியே.