பழியை ஏற்றவர்

கூடங்குளத்தை அடுத்த விஜயாபதியில், தாடகை வதத்தால் நேர்ந்த பிரம்மஹத்தி தோஷம் நீங்க விசுவாமித்திரர் வேள்வி செய்தார் என்பது தலவரலாறு. அம்பு எய்தவன் இராமன்; ஏவியவரோ முனிவர். பழியைத் தாமே ஏற்று, தாமே கழித்தார்.

வங்கிப் பணியில் மீனவர் ஒருவரின் கடன் மனுவை, விதிப்படிதான், மறுத்தேன். அவர் வள்ளத்தை விற்க நேர்ந்தது. அந்த உறுத்தலில், அடுத்து வந்த வேறொருவருக்கு ஆவணங்களைச் சரிவரப் பாராமலே கடன் வழங்கினேன். அது வாராக்கடனாயிற்று. இரக்கம் என்றே அதை எண்ணியிருந்தேன். என் மனப்பாரத்தை ஊரார் சேமிப்பில் இறக்கி வைத்திருக்கிறேன் என்பது, ஓய்வு பெற்றபின், முனிவர் சந்நிதியில்தான் உறைத்தது.

மறுநாள் அந்த மீனவரைத் தேடிச் சென்றேன். வலையைச் சீர்செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்ததும், ஒன்றும் பேசாமல் பாயை விரித்தார்.