கிடை கிடந்த வயல்

உளுந்தைப் பிடுங்கிக் களத்தில் சேர்த்த பிறகு, மன்னார்குடிப் பக்கத்து எங்கள் வயல்களில் வெயிலைத் தவிர வேறொன்றும் இருக்காது. அந்தச் சித்திரை வைகாசியில்தான் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் தோளில் தொரட்டியோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஆடு கண்ணில் படுவதற்கு முன்பே வாடை வந்துவிடும். பால் கவிச்சியும் மூத்திர நெடியும் கலந்த அந்த வாடையோடு குட்டிகளின் கத்தல், அதற்கும் பின்னால் வெற்றிலைச் சிவப்பேறிய கீதாரியின் சிரிப்பு.

"வாங்க கோனாரே, எத்தனை ராத்திரி போடுவீங்க?" என்பார் தாத்தா. கூலி நெல்லாகத்தான். ராச்சோறு எங்கள் வீட்டில். அப்பாயி கருவாட்டுக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுக்க, அதைச் சிந்தாமல் வரப்பில் கொண்டுபோவது என் வேலை.

பொழுது சாய்ந்ததும் வலையைச் சுற்றிக் கட்டி ஆடுகளை அடைப்பார்கள். குட்டிகள் மட்டும் கவிழ்த்த கூடை மாதிரியான குடாப்புக்குள். இடுக்கு வழியாக விரலை நீட்டினால் தாய்மடி என்று நினைத்துக் கதகதப்பாகச் சப்பும். அதற்காகவே நான் வீட்டுக்குத் திரும்பாமல் நின்றுகொண்டிருப்பேன்.

விடிந்தால் தரை முழுக்கப் புழுக்கை. மண் நனைந்து கறுத்திருக்கும். அடுத்த ராத்திரி கிடை பக்கத்து இடத்துக்கு நகரும். தொழுவத்து எருவே போதாதா என்று கேட்டேன். "எருவை வண்டியில கொண்டாந்து கொட்டிடலாம் தம்பி, மூத்திரத்த யாரு கொண்டாருவா?" என்றார் தாத்தா. ஆடு கழிக்கும் தழைச்சத்தில் கணிசமான பங்கு மூத்திரத்தில்தான் இருக்கிறது என்று பிற்பாடு படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. வெயிலில் கிடந்தால் சத்து பறந்துவிடும் என்று, கோடை மழை விழுந்த கையோடு உழுது தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவார்.

சம்பா நடவானதும் வித்தியாசம் தெரியும். கிடை கிடந்த இடமெல்லாம் கரும்பச்சை. வலை எட்டாத மூலை மட்டும் வெளுத்து நிற்கும். "ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்" என்பாள் அப்பாயி.

பிறகு யூரியா மூட்டை வந்தது, கிடை நின்றது. மண் இறுகி, மண்வெட்டிக்கே மசியவில்லை. இப்போது தம்பி மறுபடி கீதாரிகளைக் கூப்பிடுகிறான். கூலி நெல்லாக இல்லை, பணமாகக் கேட்கிறார்களாம். கேட்டதைக் கொடு, பேரம் பேசாதே என்று சொல்லியிருக்கிறேன்.